எண் மாறிய சாலைகள்

தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2010இல் புதிய எண்கள் வந்தன. கம்ப்யூட்டர் வரைபடத்தில் அவற்றைத் திருத்துவது, ஒரு எண்ணை அழித்து இன்னொன்றை எழுதும் வேலையல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

கன்னியாகுமரியில் வந்து முடிந்த 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இப்போது இமயமலையில் இருக்கிறது. பஞ்சாபின் பாசில்காவில் புறப்பட்டு, டேராடூன், ரிஷிகேஷ் வழியாக ஏறி, பத்ரிநாத்தையும் தாண்டிப் போகிறது. மும்பையையும் சென்னையையும் இணைத்த 4ஆம் எண் கடல் கடந்து அந்தமானுக்குப் போய்விட்டது. சென்னையிலிருந்து திருச்சி வழியாகத் தேனிக்குப் போன 45ஐத் தேடுபவர்கள் மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் பக்கம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

சாலைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2010இல் அரசிதழ் வழியாக நாட்டின் எல்லா தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் புதிதாக எண் கொடுத்தது. அதுவரை இருந்த எண்களுக்குப் பெரிய ஒழுங்கு எதுவும் கிடையாது. புதிதாக ஒரு சாலை தேசிய நெடுஞ்சாலை ஆனபோதெல்லாம் எண்ணும் வளர்ந்துகொண்டே போனது. புதிய முறைக்கு ஒரு தர்க்கம் உண்டு. வடக்கு-தெற்காகப் போகும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண்கள். கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக எண் கூடும். ஆகவே 2 வடகிழக்கிலும் 68 ராஜஸ்தானிலும் இருக்கின்றன. கிழக்கு-மேற்காகப் போகும் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண்கள். வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். 1 காஷ்மீரையும் லடாக்கையும் சேர்ந்தது. 87 தனுஷ்கோடிக்குப் போகிறது. கிளைச் சாலைகளுக்கு மூன்று இலக்கம். கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் எந்தத் தாய்ச் சாலையின் கிளை என்று தெரியும். சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சிக்குப் போகும் 544, 44இன் கிளை.

வரைபடத்தை விரித்து வைத்துப் பார்ப்பவருக்கு இது அழகான ஏற்பாடு. சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறவருக்கு அத்தனை அழகாகத் தெரியாது. முன்பு ஒரே 45இல் போனவர் இப்போது திண்டிவனம் வரை 32, விழுப்புரம் வரை 132, அப்புறம் 38 என்று மூன்று எண்களைக் கடக்கிறார். இதற்கு நேர்மாறாக, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை முன்பு ஏழு எண்களாகத் துண்டுபட்டுக் கிடந்த வழி முழுவதும் இன்று ஒரே 44.

இந்த மாற்றத்தின் முழுச் சுமையும் விழுந்தது வரைபடம் தயாரிப்பவர்களின் மேல்தான். அவர்கள் காகிதத்தையும் பேனாவையும் விட்டு வெகுகாலமாகிறது. அவர்களுடைய கருவி ஜி.ஐ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புவித்தகவல் சாஃப்ட்வேர். காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர்கள் உண்டு; 2002இல் தொடங்கப்பட்ட க்யூ.ஜி.ஐ.எஸ். போல இலவசமாகக் கிடைப்பதும் உண்டு. எதுவானாலும் அடிப்படை ஒன்றே. திரையில் ஒரு சாலை கோடாகத் தெரிகிறது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. கோடு எங்கே வளைகிறது என்பதைச் சொல்லும் புள்ளிகள் ஒரு பக்கம். அந்தச் சாலையின் எண் என்ன, எத்தனை வழித்தடம், தாரா கான்கிரீட்டா, பாலமா தரைச் சாலையா, சுங்கம் உண்டா என்ற விவரங்கள் அட்டவணையில்.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே கோடு என்று நினைத்தால் அது தவறு. ஒவ்வொரு சந்திப்பிலும், பாலத்தின் இரு முனைகளிலும், நான்கு வழி ஆறு வழியாகும் இடத்திலும் கோடு வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அட்டவணையில் தனி வரி. ஆயிரக்கணக்கான துண்டுகள் சேர்ந்துதான் ஒரு நெடுஞ்சாலை. எண் என்பது அந்த ஆயிரக்கணக்கான வரிகளிலும் ஒரு பத்தியில் எழுதப்பட்டிருக்கும் சிறு குறிப்பு.

அப்படியானால் வேலை எளிது என்று தோன்றும். கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்கிற யாருக்கும் தெரிந்த வித்தைதானே: பழைய சொல்லைத் தேடு, புதிய சொல்லைப் போடு. 7 என்று இருக்கும் இடமெல்லாம் 44 என்று மாற்றிவிட்டால் ஆயிற்று.

மாற்றிப் பார்க்கலாம். 7ஐ 44 ஆக்கியதும் கன்னியாகுமரிச் சாலைக்குப் புதிய எண் வந்துவிடுகிறது. ஆனால் பட்டியலில் ஏற்கெனவே ஒரு 44 இருக்கிறது. ஷில்லாங்கிலிருந்து அகர்தலா வழியாகத் திரிபுராவின் சப்ரூம் வரை போன பழைய 44. அதன் பெரும்பகுதிக்குப் புதிய எண் 8. எனவே அடுத்த கட்டளை: 44 இருக்கும் இடமெல்லாம் 8. கம்ப்யூட்டருக்குப் பழைய 44 எது, ஒரு நிமிடத்துக்கு முன் பிறந்த 44 எது என்று தெரியாது. கன்னியாகுமரியும் சப்ரூமும் சேர்ந்து 8 ஆகிவிடுகின்றன. பழைய 8 என்பது டெல்லியிலிருந்து ஜெய்ப்பூர் வழியாக மும்பைக்குப் போன சாலை. அதன் பெரும்பகுதி இன்று 48. பழைய 48 பெங்களூர்-மங்களூர் சாலை. அது இன்று 75இல் சேர்ந்துவிட்டது. வரிசையாக நான்கு கட்டளைகளைக் கொடுத்து முடித்தால் கன்னியாகுமரி, அகர்தலா, ஜெய்ப்பூர், மங்களூர் எல்லாம் ஒரே 75ஆம் எண் சாலையில் அமர்ந்திருக்கும்.

சரி, பின்னாலிருந்து தொடங்கினால்? முதலில் 75ஐ மாற்றிவிட்டு, பிறகு 48, 8, 44, 7 என்று வரலாமே? பழைய 75 குவாலியரிலிருந்து ஜான்சி, ரீவா வழியாக ராஞ்சிக்குப் போனது. அதில் குவாலியர்-ஜான்சி பகுதி புதிய 44இல் சேர்ந்துவிட்டது. அதாவது சங்கிலி ஒரு சுற்று சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வருகிறது. எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் ஒரு சாலை இன்னொன்றின் எண்ணைத் தின்றுவிடும்.

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றுக்கு ஒன்று பொருந்துவதில்லை. பழைய 7 வாரணாசியில் தொடங்கி ரீவா, ஜபல்பூர், நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், சேலம், மதுரை என்று 2,369 கி.மீ. ஓடியது. அதன் தென்பகுதிதான் 44 ஆனது. வாரணாசிப் பக்கத்து வடபகுதி வேறு எண்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பிரியும் இடம் மத்தியப் பிரதேசத்தின் லக்னாதோன். அந்தச் சந்திப்பில் கோடு வெட்டப்பட்டிருக்க வேண்டும். வடக்கே இருக்கும் துண்டுகளுக்கு ஒரு விதி, தெற்கே இருப்பவற்றுக்கு இன்னொரு விதி. எண்ணை மட்டும் பார்த்துத் திருத்துபவருக்கு இது அகப்படாது. இடத்தைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

விஷயம் தெரிந்தவர்கள் செய்வது இதுதான்: பழைய எண் இருக்கும் பத்தியைத் தொடுவதே இல்லை. பக்கத்தில் புதிய எண்ணுக்கென்று காலியாக இன்னொரு பத்தி திறக்கிறார்கள். அரசிதழ் அறிவிப்பை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாலையாகத் திரையில் தேடிப் பிடித்து, துண்டு துண்டாகத் தேர்ந்தெடுத்து எழுதுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகும் பழைய பத்தி அப்படியே நிற்கும். 2004இல் தொடங்கப்பட்டு உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் பழைய எண்ணைப் பதிந்துவைக்கத் தனி இடமே உண்டு. பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் பல்லாண்டு வருவார்கள் அல்லவா?

அரசிதழும் அவ்வளவு சுலபமாகக் கைகொடுப்பதில்லை. அதில் படம் கிடையாது, அட்சரேகை தீர்க்கரேகையும் கிடையாது. இன்ன நெடுஞ்சாலை, இன்ன ஊருக்கு அருகில் இன்ன சாலையோடு சேருமிடத்தில் தொடங்கி, இன்னின்ன ஊர்களை இணைத்து, இன்ன சந்திப்பில் முடிகிறது என்று ஒரே நீள வாக்கியம். ஊருக்குள் பழைய கடைத்தெரு வழியாகவா, ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச் சாலையிலா என்பதை வாக்கியம் பல இடங்களில் சொல்லாது. வாக்கியத்தைக் கோடாக மாற்றும் பொறுப்பு திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவருடையது. ஒருவகையில் இதுவும் மொழிபெயர்ப்புதான். மூலத்தில் இல்லாததைச் சேர்த்தாலும் குற்றம், விட்டாலும் குற்றம்.

எழுத்து எண்ணோடு வந்து ஒட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. பழைய முறையிலேயே திருநெல்வேலி-தூத்துக்குடி சாலைக்கு 7ஏ என்று பெயர். புதிய முறையில் ஹரியானாவில் 152டி, டெல்லிக்கு அருகே 148என்ஏ என்றெல்லாம் வந்துவிட்டன. நெடுஞ்சாலை எண்தானே என்று அந்தப் பத்தியை ‘இங்கே எண்கள் மட்டுமே’ என்று அமைத்துவிட்டவர்களின் அட்டவணையில் இவை ஏறாது. எண் என்று பெயர் இருந்தாலும் அதை எழுத்தாகத்தான் வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் ஆரம்பப் பாடம்.

எண்ணுக்கு முன்னால் கோடு சரியாக இருக்க வேண்டும். அதுவும் லேசில் வந்ததல்ல. இந்தியாவின் சாலை வரைபடங்களுக்கு மூலம் 1767இல் தொடங்கிய சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட்டுகள். அவற்றில் பெரும்பாலும் புழங்குவது 1:50,000 அளவு. ஷீட்டில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. 1990களில் இந்த ஷீட்டுகளை மேஜைமீது ஒட்டி, குறுக்குக் கம்பி பொருத்திய கருவியால் சாலையின் ஒவ்வொரு வளைவையும் தொட்டுத் தொட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஷீட்டில் அரை மில்லிமீட்டர் கை நடுங்கினால் தரையில் 25 மீட்டர் தவறிவிடும்.

கை நடுங்காதவர்களுக்கும் ஒரு வில்லங்கம் காத்திருந்தது. பழைய ஷீட்டுகள் 1830இல் ஜார்ஜ் எவரெஸ்ட் கணக்கிட்ட பூமி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக்கோள் வழியாக இடம் காட்டும் ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு கணக்கு. இரண்டிலும் ஒரே அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்தால் தரையில் நூறு மீட்டருக்கும் மேல் விலகிய இரண்டு இடங்கள் வரும். இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டாமல் ஜி.பி.எஸ். பதிவைப் பழைய கோட்டின்மேல் போட்டால், நெடுஞ்சாலையில் போன ஜீப் முழுக்க முழுக்க வயல்வழியே ஓடியதாகத் திரை காட்டும். ஜி.பி.எஸ்.ஸும் ஒரு காலம் வரை நம்பத் தகுந்ததாக இல்லை. ராணுவக் காரணங்களுக்காக அமெரிக்கா வேண்டுமென்றே அதில் பிழை சேர்த்துவந்தது. 2000 மே மாதம் அதை நிறுத்திய பிறகுதான், ஒரு வண்டியில் கருவியை வைத்துச் சாலை நெடுக ஓட்டிக் கோடு வரைவது சாத்தியமாயிற்று. 2005இல் கார்டோசாட்-1 செயற்கைக்கோள் ஏவப்பட்ட பிறகு 2.5 மீட்டர் நுணுக்கமுள்ள படங்கள் கிடைத்தன. புறவழிச் சாலைகள் முளைப்பதை மேலிருந்தே பார்க்க முடிந்தது.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளே மோசமானவை. ஒரு கிளைச் சாலையின் கோடு நெடுஞ்சாலையைத் தொட ஒரு மீட்டர் இருக்கும்போது நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட படத்தில் யாருக்கும் தெரியாது. வழி சொல்லும் சாஃப்ட்வேருக்கு அந்த ஒரு மீட்டர் அகழி. அங்கே சந்திப்பே இல்லை என்று முடிவு செய்து, வண்டியை எத்தனையோ கி.மீ. சுற்றிப் போகச் சொல்லும். மேம்பாலத்தில் கதை தலைகீழ்: மேலே போகும் கோடும் கீழே போகும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் யாராவது ஒரு பொதுப் புள்ளியை வைத்துவிட்டால், பாலத்தின் நடுவில் இடப்பக்கம் திரும்பச் சொல்லும். நான்கு வழிச் சாலையில் போக ஒரு கோடு, வர ஒரு கோடு. கோட்டை எந்த முனையிலிருந்து வரைந்தார்களோ அதுவே வண்டி ஓடும் திசை என்று கொள்ளப்படும். தூக்கக் கலக்கத்தில் ஒருவர் தெற்கிலிருந்து வரைய வேண்டியதை வடக்கிலிருந்து வரைந்தால் அந்தத் துண்டில் எல்லோரும் எதிர்த்திசையில் போக வேண்டியதுதான். இத்தகைய ஒட்டாத முனைகளையும் தவறான வெட்டுகளையும் சாஃப்ட்வேரே தேடிக் கொடுக்கும். ஆனால் எது பிழை, எது உண்மையிலேயே முட்டுச் சந்து என்பதைச் சொல்ல ஆள்தான் வேண்டும்.

இவையெல்லாம் தொழில்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே கைபேசி வரைபடம் காட்டிய வழியில் போன கார், ராம்கங்கா நதிமேல் இருந்த பாதிப் பாலத்திலிருந்து கீழே விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதியை அதற்கு முன்பே வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. வரைபடத்தில் மட்டும் பாலம் முழுசாக நின்றது. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள்மீதும், பெயர் குறிப்பிடாமல் வரைபட நிறுவன அதிகாரி ஒருவர்மீதும் வழக்குப் பதிவாயிற்று. அட்டவணையைப் பொறுத்தவரை அந்தப் பாலம் ஒரு துண்டு, ஒரு வரி. அந்த வரியில் ‘மூடப்பட்டது’ என்று ஒரு சொல்லை எழுதியிருந்தால் சாஃப்ட்வேர் தானாகவே வேறு வழி தேடியிருக்கும். சாலையில் தடுப்பு வைக்க வேண்டிய கடமை வரைபடக்காரருடையது அல்ல, வாஸ்தவம். ஆனால் பாலம் போய்விட்டது என்று வரைபடக்காரருக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருடையது என்பது அந்த வழக்கைவிடப் பெரிய கேள்வி.

விபத்து நடந்த பிறகும் வரைபடம் குறுக்கே வருகிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் உதவி கேட்க 1033 என்ற எண் உண்டு. அழைப்பவர் இடத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்து டீக்கடைப் பலகையில் பழைய எண் இருக்கும்; மஞ்சள் தலை கொண்ட கி.மீ. கல்லில் புதிய எண். சாலை தொடங்கும் ஊரே மாறிவிட்டால் கி.மீ. கணக்கும் மாறியாக வேண்டும். நெடுஞ்சாலைத் துறை ஆவணங்களிலேயே அகலப்படுத்துவதற்கு முன்பிருந்த கி.மீ. ஒன்று, புதிய வடிவமைப்பின்படி கி.மீ. ஒன்று என இரண்டு கணக்குகள் இருப்பது சகஜம். இன்ன எண் சாலையில் இன்ன கி.மீ. என்று சொன்னால் திரையில் அந்த இடத்தில் புள்ளி வைக்கும் வசதி ஜி.ஐ.எஸ்.ஸில் உண்டு. அதற்குத் துண்டுகள் எல்லாம் ஒரே கணக்கில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

உயிர்ப் பிரச்சினை மட்டுமல்ல, காசுப் பிரச்சினையும் இந்தக் கோட்டைச் சுற்றி நடந்தது. தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் வெளி ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017 மார்ச் கடைசியில், 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அது 220 மீட்டர் ஆயிற்று. ஒரு கோட்டின் இருபுறமும் 500 மீட்டருக்குப் பட்டை போட்டு, அதற்குள் விழும் கடைகளை எண்ணுவது ஜி.ஐ.எஸ். பழகுபவர் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் வேலை. ஆனால் வரைபடக் கோடு சாலையின் நடுவே போகிறது. நீதிமன்றம் சொன்னதோ ஓரத்திலிருந்து. ஆறு வழிச் சாலையும் அதன் பக்கச் சாலைகளும் சேரும் இடத்தில் இந்த வித்தியாசமே சில கடைகளைத் தப்பவைக்கவோ மாட்டிவைக்கவோ போதும். மாநிலங்கள் இதைவிடச் சுருக்கமான வழியைக் கண்டுபிடித்தன. சண்டிகர் உள்ளிட்ட இடங்களில் ஊருக்குள் போகும் நெடுஞ்சாலைகளை வெறும் உள்ளூர்ச் சாலைகளாக அறிவித்துவிட்டார்கள். கோடு அசையவில்லை, அட்டவணையில் ‘வகை’ என்ற பத்தியில் ஒரு சொல் மாறியது, பட்டை மறைந்தது. நகராட்சி எல்லைக்குள் தடை பொருந்தாது என்று 2017 ஜூலையில் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் வெகுகாலம் இந்த நாட்டில் துல்லியமான வரைபடம் என்பதே ரகசியச் சரக்கு. 2005இல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று ஷீட்டுகளைப் பிரித்தது. பொது வரிசை டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கில் வந்ததால் எவரெஸ்ட் தொல்லை ஓரளவு தீர்ந்தது. 2016இல் அனுமதியின்றிப் புவித்தகவல் சேகரிப்பவர்களுக்கு 100 கோடி ரூபாய் வரை அபராதம் என்று ஒரு மசோதாவின் வரைவு வெளியாகி, பலத்த எதிர்ப்புக்குப் பின் கிடப்பில் போனது. ஐந்தே ஆண்டில் காற்று திசைமாறியது. 2021 பிப்ரவரியில் வந்த நெறிமுறைகளின்படி, இந்திய நிறுவனங்களும் தனிநபர்களும் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை. அபராதத்துக்குப் பயந்த அதே ஆட்கள் இன்று பகிரங்கமாகச் சாலையில் கருவியோடு போகிறார்கள்.

வேலைக்கும் பஞ்சமில்லை. 2014இல் 91,287 கி.மீ.யாக இருந்த தேசிய நெடுஞ்சாலைகள் பத்தே ஆண்டில் 1,46,000 கி.மீ.யைத் தாண்டிவிட்டன. இதில் கணிசமானவை மாநிலச் சாலைகளாக இருந்து பதவி உயர்வு பெற்றவை. புதிய கோடு வேண்டாம், வகையும் எண்ணும் மாற்றினால் போதும். ஊர்ப் பெயர்களும் சும்மா இருப்பதில்லை. அந்தமான் 4ஆம் எண் சாலை புறப்படும் போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. சென்னைக்காரர்களோ எந்த எண்ணைப் பற்றியும் கவலைப்படாமல் தாம்பரம் பக்கம் போகும் சாலையை இன்னும் ஜி.எஸ்.டி. ரோடு என்றுதான் சொல்கிறார்கள். நல்ல வரைபடத்தில் 45, 32, ஜி.எஸ்.டி. ரோடு மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி இருக்கிறது. எதைத் தட்டித் தேடினாலும் அதே சாலை வருகிறது.

புதிதாக முளைக்கும் சாலைகள் இன்னொரு வகைப் பொறுமையைக் கேட்கின்றன. டெல்லி-மும்பை விரைவுச் சாலையில் டெல்லி-தௌசா-லால்சோட் இடையே 246 கி.மீ. 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மற்ற பகுதிகள் ஒரே நாளில் திறக்கவில்லை, ஒவ்வொன்றாகத் திறந்தன. முழுச் சாலைக்கும் கோடு முன்பே வரைந்தாயிற்று. ஒரு பகுதி திறந்தது என்று உறுதியான பிறகு, அந்தத் துண்டுகளின் வரிகளைத் தேடிப் பிடித்து, ‘கட்டுமானத்தில்’ என்ற சொல்லை அவற்றிலிருந்து மட்டும் எடுக்கிறார்கள்.